என் வார்டுக்கு எதிராகக் கை தூக்கினேன்

என் வார்டுக்கு வரவேண்டிய பணத்தை வேறொரு வார்டுக்குக் கொடுக்கச் சொல்லி நகராட்சி மன்றத்தில் கை தூக்கியவள் நான். முதல் தடவை அந்தத் தீர்மானம் தோற்றது. அடுத்த தடவை பாதி ஜெயித்தது. இரண்டு தடவையும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கூட்டத்தன்று உடம்பு சரியில்லை என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். வார்டில் சிலர் இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஒரு மன்றத்தில் வாக்களிப்பதன் பொருளை எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்த விவகாரம்தான். அதனால் இதை எழுதுகிறேன்.

நகராட்சித் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் எல்லோருக்கும் ‘டீச்சர்’. தமிழ்நாட்டில் 2011-க்குப் பிறகு நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. 2016-இல் நடந்திருக்க வேண்டிய தேர்தல் வழக்கில் நின்றுபோக, ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தனி அலுவலர்கள் ஊரை நடத்தினார்கள். மன்றத்தின் அதிகாரம் முழுவதும் ஒரே அலுவலரின் கையெழுத்தில் இருந்த காலம் அது. பெண்களுக்கு 50 சதவீத இடம் என்று 2016-இல் வந்த சட்டம், நகரங்களில் இந்தத் தேர்தலில்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தெருக்காரர்கள் வந்து, “நீங்க நில்லுங்க டீச்சர்” என்றார்கள். சுயேச்சையாக நின்றேன். மாநிலத்தில் அப்போது இருந்த 138 நகராட்சிகளின் 3,843 வார்டுகளில் ஒன்றுக்கு உறுப்பினர் ஆனேன்.

மார்ச் 2 அன்று பதவிப் பிரமாணம். மார்ச் 4 அன்று உறுப்பினர்கள் நாங்களே எங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தோம். அது சீட்டில் எழுதிப் போடும் ரகசிய வாக்கு. அதற்குப் பிறகு அந்த அறையில் ரகசியம் கிடையாது. எந்தத் தீர்மானமானாலும் எல்லோர் கண்ணெதிரிலும் கை தூக்க வேண்டும். இந்த வித்தியாசத்தின் கனம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

கூட்டத்துக்குச் சில நாள் முன்னதாக அலுவலக உதவியாளர் வீட்டுக்கு வந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூட்டப் பொருள் கட்டைக் கொடுத்துவிட்டுப் போவார். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண், அதன் கீழே அலுவலகக் குறிப்பு, கடைசியில் ‘மன்றத்தின் முடிவுக்கு’ என்று ஒரு வரி. தெருவிளக்கு வாங்கியது, நீரேற்று நிலைய மோட்டாரைப் பழுது பார்த்தது, டெங்கு தடுப்புக்குத் தற்காலிக ஆட்களை எடுத்தது, தினசரிச் சந்தைக் குத்தகை, பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிட ஏலம் என்று போகும். பாதிக்குப் பாதி ‘பின்னேற்பு’க்கு வருபவை. வேலை முடிந்திருக்கும், செலவும் ஆகியிருக்கும், மன்றத்தின் ஒப்புதல் மட்டும் பாக்கி. பரீட்சை விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து நான் அவற்றைப் படிப்பேன்.

கூட்டத்தில் நடப்பது வேறு. எழுத்தர் எழுந்து பொருள் எண் ஒன்றை வாசிக்கத் தொடங்குவார். நாலைந்து பொருள் போனதும் பின் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும்: “ஆல் பாஸ்!” மேசைகள் தட்டப்படும். மீதியெல்லாம் ‘மன்றம் ஏகமனதாக அனுமதித்தது’ என்று தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிடும். அந்த உறுப்பினர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். முந்தின நாள் சாயங்காலமே கட்சிக் கூட்டத்தில் எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு வருகிறார்கள். சண்டை, சமாதானம் எல்லாம் அங்கேயே நடந்துவிடும். சுயேச்சையான எனக்கு அப்படி ஒரு சாயங்காலம் இல்லை. என் கேள்வியைக் கேட்க அந்த மன்ற அறையை விட்டால் வேறு இடம் கிடையாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் மன்றத்தில் பாதிப் பேர் பெண்கள். பலருடைய வீட்டுக்காரர்கள் வராந்தாவில் காத்திருப்பார்கள். வெளியில் ‘கவுன்சிலர்’ என்றால் அவர்களைத்தான் சொல்வார்கள். ஆனால் மன்ற அறைக்குள் அவர்கள் வர முடியாது. கதவு சாத்திய பிறகு அந்தப் பெண்கள் பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். எந்தத் தெருவில் எந்தக் குழாய் எப்போது அடைத்துக்கொண்டது என்று அவர்களைப்போல் சொல்ல அங்கே யாராலும் முடியாது.

எங்களுக்கு வந்த முதல் பெரிய சோதனை 2022 ஏப்ரல் சொத்து வரிச் சீராய்வு. மாநில அரசு அறிவித்தது, ஒவ்வொரு மன்றமும் தீர்மானம் போட வேண்டியிருந்தது. எங்களைப் போன்ற நகராட்சிகளில் 600 சதுர அடிக்குக் குறைவான வீடுகளுக்கு 25 சதவீதம் உயர்வு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 சதவீதம். எதிர்க்கட்சி உறுப்பினர்கள் கோஷம் போட்டு வெளிநடப்புச் செய்தார்கள். நான் எழுந்து போகவில்லை. ஊருக்கு வேறு வருமானம் ஏது என்று யோசித்து, ஆதரித்துக் கை தூக்கினேன். மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில், “என்ன டீச்சர், எங்க வீட்டு வரியையும் ஏத்திட்டீங்களே” என்று ஒருவர் கேட்டார். “ஆமாம், ஏற்றினேன். அந்தப் பணம் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்கப்போவதும் நான்தான்” என்றேன். சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட வேண்டியதாயிற்று.

கணக்கைப் பார்த்தால், பொது நிதியில் பணி செய்யக் கிடைக்கும் தொகை வார்டுகளுக்குச் சமமாகப் பிரிக்கப்படுவது தெரிந்தது. வார்டுக்கு இத்தனை லட்சம், அதற்கு உறுப்பினர் தன் வார்டில் ஒரு பணியைச் சொல்ல வேண்டும். ஒருவர் பேவர் பிளாக் கேட்பார், ஒருவர் சிறு வடிகால், இன்னொருவர் சிறு பாலம். யாருக்கும் மனக்குறை இல்லை. என் பங்குக்கு நானும் எங்கள் தெருக்கோடியில் மழைக்குச் சேறாகிவிடும் சந்துக்குப் பேவர் பிளாக் எழுதிக் கொடுத்திருந்தேன்.

எங்கள் ஊரின் கிழக்கு ஓரத்தில், ஏரிக்கரைக்கு அப்பால் ஒரு வார்டு இருக்கிறது. முன்பு ஊராட்சியாக இருந்து நகராட்சியோடு சேர்ந்த பகுதி. மேல்நிலைத் தொட்டியிலிருந்து கிளம்பும் பிரதானக் குழாய்க்கு அதுதான் கடைசி முனை. எங்கள் தெருவில் ஒன்றுவிட்டு ஒருநாள் தண்ணீர் வரும். அங்கே அப்போது பத்து நாளைக்கு ஒருமுறைதான். பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், இல்லாத நகரங்களில் 70 லிட்டர் என்பது அப்போது மத்திய அரசின் குடிநீர்க் கையேடு வைத்திருந்த அளவு. அந்த வார்டில் சின்ன அளவுகூட எட்டாத கனவாக இருந்தது. காரணம் எல்லோருக்கும் தெரியும். வழியில் இருக்கும் வீடுகள் குழாயில் மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிவிடுகின்றன. என் தெருவிலும் உண்டு.

எனக்கு இது கவுன்சிலரான பிறகு தெரிந்த செய்தி இல்லை. அந்தப் பகுதிப் பிள்ளைகள் எங்கள் பள்ளிக்குத்தான் வந்தார்கள். தண்ணீர் வரும் நாளில் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள். குடம் பிடிக்க வீட்டில் நிறுத்திக்கொள்வார்கள். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர்களுக்கு நேரே எத்தனையோ வருடம் விடுப்புக் குறி போட்டிருக்கிறேன். அந்தப் பெயர்கள் இப்போது மன்றத்தில் உட்கார்ந்திருக்கும்போது நினைவுக்கு வந்தன. நகராட்சிப் பொறியாளரிடம் கேட்டேன். “தொட்டியிலிருந்து தனிக் குழாய் போட்டா பிரச்சினை தீரும் மேடம். நிதி இல்ல” என்றார். நிதி இருந்தது. அது துண்டு துண்டாக எல்லா வார்டுகளிலும் கிடந்தது.

அப்போது எனக்குத் துணைக்கு வந்தது நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு தீர்மானம். மதிய உணவைப் பற்றிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லும்போதெல்லாம் அதை நான் சொன்னது உண்டு. சென்னை மாநகராட்சியின் தலைவராக சர் பிட்டி தியாகராயர் இருந்த காலம். ஆயிரம் விளக்குப் பகுதியில் இருந்த மாநகராட்சிப் பள்ளியின் பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியில் எண்ணிக்கை குறைகிறது என்று மன்றத்தில் எடுத்துச் சொல்லப்பட்டது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவிட்டுச் சிற்றுண்டி கொடுக்க 1920 செப்டம்பர் 16 அன்று மன்றம் ஒப்புக்கொண்டது. ஒரே ஒரு பள்ளிக்கு. பிறகு இன்னும் சில பள்ளிகளுக்குப் பரவியது, 1925-இல் நிதிச் சிக்கலில் நின்றது, மறுபடி தொடங்கியது. காமராசர் காலத்து மதிய உணவும், 1982-இல் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவும் அந்தப் பாதையில் வந்தவைதாம்.

பிள்ளைகளுக்கு அதைச் சொன்ன காலத்தில் நான் கவனிக்காத ஒன்று, மன்ற உறுப்பினராக உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது. அந்த மன்றத்தில் மற்ற வட்டங்களின் உறுப்பினர்களும் இருந்தார்கள். அந்த ஓர் அணாவை எல்லாப் பள்ளிகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒரு பிள்ளைக்கும் ஒருவேளைச் சிற்றுண்டி கிடைத்திருக்காது. தேவை எங்கே அதிகமோ அங்கே முதலில் கொடுத்ததால்தான் அது நின்று, பிழைத்து, நாடு முழுவதற்கும் வழிகாட்டியாக வளர்ந்தது.

அந்த வருடப் பணிகளின் பட்டியல் மன்றத்துக்கு வந்த அன்று, “ஆல் பாஸ்” குரல் எழுவதற்கு முன் நான் எழுந்தேன். அந்தப் பொருளுக்கு ஒரு திருத்தம் முன்மொழிகிறேன் என்றேன். இந்த வருடம் வார்டுக்குப் பிரிக்கும் தொகையைக் கிழக்கு வார்டுக்குத் தனிக் குழாய் போட ஒதுக்க வேண்டும், முதலில் என் வார்டின் பணியை நீக்கிக்கொள்ளுங்கள் என்றேன். வழிமொழிய யாரும் எழவில்லை. கிழக்கு வார்டு உறுப்பினரே தலையைக் குனிந்துகொண்டார். அவருடைய கட்சியில் முந்தின நாளே முடிவாகிவிட்டது. சற்று நேரம் கழித்து, ஆளுங்கட்சியைச் சேர்ந்த இளம் பெண் உறுப்பினர் ஒருவர், “நான் வழிமொழியிறேன்” என்றார். அவர் வீட்டுக்காரர் வராந்தாவில் இருந்தார்.

பிறகு உண்மையிலேயே விவாதம் நடந்தது. மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து சொன்னதை நான் இன்றும் மதிக்கிறேன். “டீச்சர், சமமாப் பிரிக்கிறோமே, அது எதுக்குன்னு தெரியுமா? முன்னெல்லாம் சேர்மனுக்கு வேண்டியவங்க வார்டுக்கே எல்லா வேலையும் போகும். எதிர்க்கட்சி வார்டுல ஒரு பல்பு எரியாது. சண்டை போட்டுத்தான் இந்தச் சமக் கணக்கைக் கொண்டுவந்தோம். இன்னைக்கு நீங்க நல்லதுக்குக் கேக்கிறீங்க. நாளைக்கு இதே வழியில வேற ஒருத்தர் வருவார்.”

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. சமப் பங்கு என்பது பலமில்லாத உறுப்பினருக்கு ஒரு காவல். சுயேச்சையான எனக்கும் அதுதான் காவல். அதை நான் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்டுவிட்டு இப்படிச் சொன்னேன்: “ஐயா, ஏப்ரலில் வரி போட்டபோது வீட்டின் அளவைப் பார்த்துத்தான் போட்டோம். சின்ன வீட்டுக்குக் குறைவு, பெரிய வீட்டுக்கு அதிகம். வாங்கும்போது நிலைமையைப் பார்த்து வாங்கிவிட்டு, கொடுக்கும்போது வார்டு எல்லைக் கோட்டைப் பார்த்துக் கொடுப்பது எப்படிச் சரியாகும்? வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சு வராமல் இருக்க ஒரு வழி செய்வோம். வால்வு திறக்கும் ஊழியரின் பதிவேட்டில் எந்த வார்டுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர் போகிறது என்று இருக்கிறது. அதை மன்றத்தில் வைப்போம். எண் சொல்லட்டும்.”

இன்னொருவர் கேட்டார்: “எனக்கு ஓட்டுப் போட்டது என் வார்டு ஜனங்க. அவங்ககிட்ட நான் போய் என்ன சொல்றது?” அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. எனக்குள்ளும் அதே கேள்விதான் இருந்தது.

தலைவர் வாக்கெடுப்புக்கு விட்டார். திருத்தத்தை ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கை தூக்கினேன். தலைக்கு மேலே போன அந்தக் கை என்னுடையதாகவே தோன்றவில்லை, அவ்வளவு நடுக்கம். ஐந்தாறு கைகள்தான் எழுந்தன. திருத்தம் தோற்றது. ஆதரித்தவர் யார், எதிர்த்தவர் யார் என்று பெயரோடு தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கேட்டேன். “தோத்துப்போனதுக்குப் பேர் எதுக்கு டீச்சர்?” என்றார்கள் சிலர். எழுதத்தான் வேண்டும் என்று நின்றேன். வெளிநடப்புச் செய்பவரின் கோஷம் மறுநாள் செய்தியில் வரும், அடுத்த நாள் மறைந்துவிடும். உள்ளே உட்கார்ந்து தோற்றவரின் வாக்கு புத்தகத்தில் இருக்கும்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினம். தமிழ்நாட்டு நகரங்களில் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்கள் முதல்முறையாக நடந்த நாள். எங்கள் பகுதி சபையில் என் வார்டு மக்களிடம், நான் எதற்குக் கை தூக்கினேன் என்பதை நானே சொன்னேன். வேறு யாராவது சொல்லித் தெரிவதைவிட என் வாயால் தெரிவது நல்லது என்று நினைத்தேன். கோபம் பொங்கியது. “உங்களுக்கு ஓட்டுப் போட்டது நாங்களா, அந்த வார்டுக்காரங்களா?” என்று ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் கேட்டார். சேற்றுச் சந்தில் குடியிருப்பவர் அவர். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. “உங்கள் சந்தும் எனக்கு முக்கியம் தம்பி. சேற்றில் நடந்து போகலாம், தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது. எது முதலில் என்றுதான் நான் கேட்டேன்” என்றேன். அவர் சமாதானம் ஆகவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு பெண், “எங்கம்மா வீடு அங்கதான் இருக்கு. தண்ணி வர்ற அன்னைக்கு எங்கம்மா வேலைக்குப் போக முடியாது, ஒருநாள் கூலி போயிடும்” என்றார். கூட்டத்தில் பேச்சு மாறியது. வார்டு எல்லை வரைபடத்தில்தான் இருக்கிறது. பெண் கொடுத்து, பெண் எடுத்து, கடன் வாங்கி, கூலிக்குப் போய் ஊர் முழுவதும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. அந்த உண்மை மன்ற அறையில் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. தெருவில் உடனே வந்தது.

அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்னால், எங்கள் பகுதி சபையில் பதிவான கருத்தையும் தோற்றுப்போன அந்தத் திருத்தத்தின் பக்கத்தையும் கையில் வைத்துக்கொண்டு மறுபடி எழுந்தேன். இந்த முறை மூத்த உறுப்பினரே ஒரு வழி சொன்னார்: பாதித் தொகை வார்டுக்குச் சமமாகப் போகட்டும், மீதிப் பாதி தண்ணீர்ப் பதிவேட்டின்படி மோசமான இடத்துக்கு முதலில் போகட்டும், பதிவேட்டை ஒவ்வொரு கூட்டத்திலும் மேசையில் வைக்க வேண்டும். அவர் போராடி வாங்கிய காவலும் இருந்தது, நான் கேட்ட நியாயமும் இருந்தது. தீர்மானம் நிறைவேறியது. நான் தனியாக யோசித்ததைவிட நல்ல தீர்வு அது. விவாதம் நடந்ததால் கிடைத்தது. குழாய் போட்டு முடிய நாளாயிற்று, ஆனாலும் போட்டார்கள். எங்கள் சந்துக்கு அந்த வருடம் பேவர் பிளாக் வரவில்லை.

1882 மே 18 அன்று வெளியிட்ட தீர்மானத்தில் அன்றைய வைஸ்ராய் ரிப்பன் பிரபு, உள்ளாட்சி மன்றங்கள் நிர்வாகத்தைச் செம்மைப்படுத்தும் என்பதைவிட, மக்கள் பொதுக்காரியம் கற்றுக்கொள்ளும் கல்விக்கூடமாக இருக்கும் என்பதையே முதன்மையாக வைத்தார். 1913-இல் திறக்கப்பட்ட சென்னை மாநகராட்சிக் கட்டடம் அவர் பெயரில்தான் நிற்கிறது. வாழ்நாளைப் பள்ளியில் கழித்த நான், அது என்ன கல்வி என்பதை அறுபது வயதுக்கு மேல் தெரிந்துகொண்டேன். என்னைத் தேர்ந்தெடுத்தது ஒரு வார்டு. ஆனால் மன்றத்தில் என் கை எழும்போது அது முழு ஊருக்காக எழுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் இழுபறி வரும்போது மறைந்துகொள்ளக் கூடாது. வார்டு மக்களிடம் நேரில் போய்க் காரணத்தைச் சொல்ல வேண்டும். எதிரில் இருப்பவரின் வாதத்தில் உள்ள உண்மையை எடுத்துக்கொள்ள வேண்டும். தோற்றாலும் பெயரோடு பதிவாக வேண்டும்.

“என் ஜனங்களிடம் என்ன சொல்வது?” என்று அன்று அந்த உறுப்பினர் கேட்ட கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது, ஆனால் அந்தப் பதிலில் பாதி உங்கள் கையில். எங்கள் பயமெல்லாம் வார்டு மக்களைப் பற்றியதுதான். “என் தெருவுக்கு என்ன செய்தீர்கள்?” என்று கவுன்சிலரைக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. அதோடு நிறுத்தாமல், “ஊரில் தண்ணீர் வராத வார்டு எது, அதற்காக நீங்கள் எப்படி வாக்களித்தீர்கள்?” என்றும் கேளுங்கள். தீர்மானத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிப் படியுங்கள். பகுதி சபைக்கு வாருங்கள். இந்த இரண்டாவது கேள்வியைப் பத்துப் பேர் கேட்க ஆரம்பித்தால் போதும். மன்றத்தில் இன்னும் பல கைகள் தைரியமாக எழும்.